பலகையின் கீழ்ப் பாதி

மருமகன் நல்ல பிள்ளை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்தால் எனக்கும் அவருக்கும் ஏதோ ஆகாது என்று நினைத்துவிடுவீர்கள். அப்படியெல்லாம் இல்லை. வளைகுடாவில் இருக்கும் இந்த மங்காஃப் வீட்டில் என் பிரஷர் மாத்திரையை ஞாபகமாக எடுத்துத் தருவது அவர்தான். பெற்ற மகள்கூட மறந்துவிடுவாள். ஆனாலும் போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

குழம்பு முடிந்து ரசத்துக்கு வந்திருந்தோம். டிவியில் ஒரு ராக்கெட்டைக் காட்டினார்கள். அமெரிக்காக்காரர்கள் திரும்பவும் நிலவுக்கு ஆளனுப்பும் சங்கதி. நான் ரசத்தைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

“இதெல்லாம் சும்மா மாமா. அந்தக் காலத்துல போனதே டுபாக்கூர். செட்டு போட்டு எடுத்துட்டானுங்க. அப்பல்லோவெல்லாம் நடக்கவே இல்ல.”

“எது நடக்கல?”

“எதுவுமே. வீடியோ அனுப்புறேன், பாருங்க. கொடி ஆடுது. காத்தே இல்லாத எடத்துல கொடி எப்படி ஆடும்?”

“அப்போ நான் யாருக்காக மொட்டை போட்டேன்?”

இதை நான் கத்தித்தான் கேட்டிருக்க வேண்டும். அடுக்களையிலிருந்து மகள் அப்பளத் தட்டோடு ஓடிவந்தாள். “மொட்டையா? அப்பல்லோவுக்கா? என்னப்பா சொல்றீங்க?” என்று அவள் கேட்க, மருமகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் கையைக் கழுவிவிட்டு பால்கனிக்குப் போய்விட்டேன். கோபம் வந்தால் பால்கனிக்குப் போ என்று டாக்டர் சொல்லவில்லை. நானாகச் செய்துகொள்ளும் வைத்தியம் அது.

கீழே தெருவில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். லீவு நாளான வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, உச்சி வெயிலில், முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு ஐந்தாறு பேர். அந்தத் தார் வாசனை மேலே ஏறி வந்ததும் என் கோபம் வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. எனக்கு இந்த வாசனை தெரியும். இதைவிட மோசமான அண்ணன் ஒருவன் இதற்கு உண்டு. எண்ணெய் டேங்கின் அடியில் தேங்கிக் கிடக்கும் கரும் சகதியின் வாசனை அது. என் இருபதாவது வயதில் நான் துவைத்துத் துவைத்தும் போகாத வாசனை.

இப்போது வரிசையாகக் கட்டடம் நிற்கும் இந்தப் பக்கமெல்லாம் அப்போது மணலும் கடலும்தான். கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கேம்ப். எண்ணெய் டேங்குகளைச் சுத்தம் செய்கிற ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை. எட்டாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த எனக்கு அங்கே லாண்டரியில் வேலை. டேங்குக்குள் இறங்குகிறவர்களின் ஓவரால் எல்லாம் என்னிடம்தான் வரும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சோப்புத் தண்ணீரில் அலசி, திரும்ப ஊறப்போட்டு, என்ன செய்தாலும் வாசனை போகாது. சாயங்காலம் குளித்து, விபூதி பூசி, முருகன் படத்துக்கு முன்னால் நிற்கும்போது என் கையிலிருந்து அந்த நாற்றம் வரும். ‘உனக்குப் பழனி பஞ்சாமிர்தமும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான், பொறுத்துக்கொள்’ என்று சொல்லிக் கும்பிடுவேன். பொறுத்துக்கொண்டார்.

அந்தக் கேம்பில் மெஸ் வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. இன்றைக்கு என்ன சாப்பாடு, நாளைக்கு எந்த லாரி எங்கே போகிறது என்று எழுதுவதற்காக வைத்தது. நிலவில் முதல் தடவையாக ஆள் இறங்கியபோது, எங்கள் அமெரிக்க சூப்பிரண்டு துரை அதை ராக்கெட் பலகையாக மாற்றிவிட்டார். அவர் அறையில் பெரிய ரேடியோ. காலையில் அதில் கேட்டதை அவர் சொல்ல, மாத்யூ சார் என்கிற கேரளத்து கிளார்க் வந்து இங்கிலீஷில் எழுதுவார். நேற்றுக் கிளம்பினார்கள், இன்று பாதி வழி, இன்று சுற்றுகிறார்கள், இன்று இறங்கினார்கள். சாப்பாட்டு விவரம் பலகையின் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. பருப்பா கோழியா என்று தெரிந்துகொள்ள நிலவைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அதற்குக் கீழே தமிழில் எழுதியவர் சுப்பையா அண்ணாச்சி. எங்கள் அறைக்காரர், விளாத்திகுளம் பக்கம். கம்பெனியில் பெயிண்டர். டேங்குகளுக்கு நம்பர் போடுவது, ‘புகைபிடிக்காதே’ எழுதுவது எல்லாம் அவர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மாத்யூ சார் வாயால் சொல்லச் சொல்ல, அண்ணாச்சி பலகையின் கீழ்ப் பாதியில் தமிழில் இறக்குவார். சாப்பாட்டுத் தட்டோடு கூட்டம் நிற்கும்.

அந்த முதல் தடவையில் நான் பண்ணின கூத்தைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. அவர்கள் பூட்ஸ் காலோடு நிலவில் நடந்தார்கள் என்று பலகையில் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சிவபெருமான் தலையில் இருக்கிற சந்திரன் மேல் செருப்புக் காலா? அடுத்து வந்த திங்கட்கிழமை முழுக்கப் பட்டினி கிடந்து அவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஏல, கங்கையும் அவரு தலையிலதான இருக்கு? அதுல நாம முங்கிக் குளிக்கலியா? வேட்டிய வேற அலசுதோம். அவரு ஒண்ணும் சொல்லல. எந்திச்சு வந்து தின்னு” என்றார். நான் எழுந்து போய்த் தின்றேன். பசியும் இருந்தது.

அதற்கு அடுத்த வருடம் சித்திரை பிறக்கிற சமயத்தில் இன்னொரு ராக்கெட் கிளம்பியது. அதிலே மூன்று பேர். இந்தத் தடவை பலகை முன்னால் கூட்டம் இல்லை. நிலவுக்குப் போவது அதற்குள் பழகிவிட்டது பாருங்கள், டவுன் பஸ் மாதிரி. மாத்யூ சார் மட்டும் கடமைக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்.

அந்த ராக்கெட் போய்க்கொண்டிருந்தபோதுதான் வேலாயுதம் டேங்குக்குள் விழுந்தார்.

வேலாயுதமும் எங்கள் அறைதான். திருச்செந்தூருக்குப் பக்கத்துக் கிராமம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்து, அதன் முகத்தை இன்னும் பார்க்காதவர். ரொம்பப் பேசமாட்டார். என்னிடம் ஓவரால் போடும்போது மட்டும், “தம்பி, இதுக்கு சந்தனம் போட்டு எடுத்துருங்க, என்ன?” என்று தினமும் அதே கிண்டல். தினமும் நானும் சிரிப்பேன்.

இடுப்பில் கயிற்றைக் கட்டி, மூக்கில் துண்டைக் கட்டி, டேங்கின் வயிற்றில் இருக்கிற ஓட்டை வழியாக உள்ளே போய் வாளியில் சகதியை அள்ள வேண்டும். உள்ளே காற்று கெட்டுப்போயிருக்கும். அதற்கென்று முகமூடி உண்டு. இல்லாமல் இல்லை, கேளுங்கள்! ஸ்டோரில் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தது. அந்தப் பெட்டியின்மேல் பெயர் எழுதியதே சுப்பையா அண்ணாச்சிதான். ஆனால் ஃபோர்மன் அதைப் பூட்டி வைத்திருந்தார். மேலிடத்து ஆட்கள் பார்வையிட வரும்போது எடுக்க வேண்டுமாம். சகதியில் இறக்கினால் அழுக்காகிவிடுமாம். ஃபோர்மன் என்றால் வேறு யாரோ தேசத்துக்காரர் என்று நினைக்காதீர்கள். சுத்தமான தமிழர். நெற்றியில் குங்குமம் இல்லாமல் வெளியே வரமாட்டார்.

வேலாயுதத்தின் கயிறு ஆடவில்லை என்று வெளியே நின்றவன் இழுத்துப் பார்த்திருக்கிறான். கனமாக வந்தது. முகமெல்லாம் நீலம் பாய்ந்து, வாயில் நுரை. மணலில் போட்டு முதுகைத் தட்டி, எப்படியோ மூச்சு வந்தது. கம்பவுண்டர் இருமல் மருந்து கொடுத்து அறையில் படுக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு என்னிடம் வந்த அந்த ஓவராலை நான் துவைக்கவில்லை. மூட்டையாகக் கட்டி ஒரு மூலையில் போட்டேன்.

மறுநாளும் வேலாயுதம் எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்வதற்குள் நாலு தடவை மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று அண்ணாச்சி போய்க் கேட்டதற்கு ஃபோர்மன், “ஜலதோஷம்யா. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாப் போயிரும்” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கேட்பார், டாக்டர் கேட்டால் முகமூடிப் பெட்டி வரைக்கும் போகும். அவருக்கு அந்தப் பயம்.

சித்திரை ஒன்று. விடிந்ததும் அறையில் பச்சடி செய்தோம். யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த வேப்பம்பூ கொஞ்சம் இருந்தது. மாங்காய்க்கு எங்கே போவது? புளியும் சர்க்கரையும் போட்டுச் சரிக்கட்டினோம். வேலாயுதத்துக்கு ஒரு ஸ்பூன் ஊட்டினால் பாதி வெளியே வந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பி மெஸ் பக்கம் போனால், பலகை முன்னால் கூட்டம். மாத்யூ சார் எழுதிக்கொண்டிருக்கிறார்.

“எந்தா சாரே?” என்றார் அண்ணாச்சி. மாத்யூ சாரிடம் மட்டும் அவருக்கு மலையாளம் வரும். அந்த ரெண்டு வார்த்தைதான்.

“ஆக்ஸிஜன் டேங்க் பொட்டிப் போயி, வெடிச்சுப் போயி சுப்பையா. மூணு பேரும் பாதி வழியில. சுவாசிக்கக் காத்து கம்மி. திரும்பி வருமோன்னு அறியில்ல.”

சூப்பிரண்டு துரை பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஷேவ் செய்யவில்லை. அவ்வளவு பெரிய மனுஷர் பலகைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது எங்களுக்கெல்லாம் என்னவோ போல் ஆகிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, எனக்கு அழுகை வந்தது. மேலே, அந்த இருட்டில், மூன்று பேர் மூச்சுக்குத் தவிக்கிறார்கள்.

அண்ணாச்சி சாக்கட்டியை வாங்கி மாத்யூ சார் சொன்னதைத் தமிழில் எழுதினார். எழுதி முடித்தும் சாக்கட்டியைக் கீழே வைக்கவில்லை. ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்:

‘நம்ம வேலாயுதம் மூச்சு விட முடியாமல் அறையில் கிடக்கிறான். டாக்டர் வரவில்லை.’

கூட்டம் அதை வாசித்தது. துரை மேல் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு நான் துணி மூட்டையோடு அந்தப் பக்கம் போனபோது, ஃபோர்மன் தன் கைக்குட்டையால் கீழ் வரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த ராக்கெட் செய்தியில் ஒரு எழுத்துகூடக் கலையாமல், பார்த்துப் பார்த்துத் துடைத்தார். மத்தியானம் அண்ணாச்சி வந்து அதே இடத்தில் அதையே எழுதினார். சாயங்காலம் அது இல்லை. மறுநாள் காலையில் மறுபடியும் இருந்தது.

“யோவ் சுப்பையா, நடக்காததை எதுக்குய்யா எழுதுற?” என்று ஃபோர்மன் மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“எது நடக்கல?”

“டேங்குக்குள்ள யாரும் விழல. அவன் வெளியில நின்னான், வெயில் தாக்கிச்சு, மயக்கம் போட்டான். அவ்ளோதான். டேங்க் விவகாரமே நடக்கவே இல்ல. நீ பார்த்தியா?”

“நான் பாக்கல. அந்த மூணு பேரு ராக்கெட்ல போறதயும்தான் நான் பாக்கல. அத மட்டும் எழுதலாமா?”

மெஸ்ஸே சிரித்தது. ஃபோர்மன் முகம் குங்குமத்தைவிடச் சிவந்துவிட்டது. “பெயிண்ட் பிரஷ்ஷை வாங்கிட்டு வாளியக் கையில குடுத்தா சரியாயிரும் உனக்கு” என்றார்.

“குடுங்க. உள்ள போயி நானும் விழுந்துட்டு, பெறவு பாத்தேன்னு எழுதுதேன்.”

இப்படித்தான் அந்த வாரம் போனது. மேல் பாதியில் தினமும் புதுச் செய்தி: நிலவைச் சுற்றித் திரும்பிவிட்டார்கள், உள்ளே ஒரே குளிர், எந்தெந்த நாடோ கப்பல் அனுப்பத் தயாராக இருக்கிறது, கோயில் சர்ச் எல்லா இடத்திலும் பிரார்த்தனை. கீழ்ப் பாதியில்: ‘வேலாயுதம் இன்று கஞ்சி குடிக்கவில்லை.’ ‘வேலாயுதத்துக்கு இன்று காய்ச்சல்.’ ஃபோர்மன் துடைப்பார், அண்ணாச்சி எழுதுவார். ஒருநாள் மேலே, அந்த மூன்று பேரும் அட்டையையும் ஒட்டுகிற டேப்பையும் வைத்தே காற்றைச் சுத்தப்படுத்தும் ஒரு சாதனம் செய்துகொண்டார்கள் என்று வந்தது. அதைத் தமிழில் எழுதிவிட்டு அண்ணாச்சி பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். “கேட்டீயளா? அட்டைய ஒட்டி மூச்சு விடுதான் மனுசன். இங்க பொட்டி நெறைய மொகமூடி பூட்டிக் கெடக்கு” என்றார். கிண்டல் பேசுகிற குரல் இல்லை அது. அதற்கு யாரும் சிரிக்கவுமில்லை.

மாலையில் அறையில் விளக்கேற்றிக் கும்பிடுவோம். ஜன்னலில் அரை நிலா தெரியும். அந்த மூன்று பேரும் அதற்கும் நமக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார்கள். அண்ணாச்சிதான் வாய்விட்டுச் சொல்வார்: “முருகா, மேல மூணு பேரு, கீழ ஒருத்தன். மொத்தம் நாலு. கணக்குல கொறைச்சிராத.” கட்டிலில் கிடந்தபடி வேலாயுதமும் கையெடுத்துக் கும்பிடுவார், உதடு அசையும். தனக்காகக் கேட்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நாலு பேரும் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தால் திருச்செந்தூரில் மொட்டை போடுகிறேன் என்று நான் நேர்ந்துகொண்டேன். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் எனக்கு நெற்றியில் ஒரு சுருள் முடி விழும். அதற்காகவே பையில் சீப்பு வைத்திருந்தேன். லாண்டரி ஆவியில் அது கலைந்துவிடும் என்று தலையில் துண்டு கட்டி வேலை பார்த்தவன் நான். கொடுத்தால் பெரியதாகக் கொடுக்க வேண்டும் என்று அதையே கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை துரை பலகைக்கு வந்தார். தினமும்தான் வந்தார், கீழே இருப்பது என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார். ஏன் தெரியுமா? துடைத்துத் துடைத்துக் கீழ்ப் பாதி முழுக்க வெள்ளை அப்பிப் போயிருந்தது. மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி மாவு கொட்டிய மாதிரி. “இந்த இடம் மட்டும் ஏன் எப்போதும் இவ்வளவு அழுக்காக இருக்கிறது?” என்று மாத்யூ சாரிடம் கேட்டார். ஃபோர்மன் முந்திக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். மாத்யூ சார் ரொம்பப் பயந்த சுபாவம். வாயைத் திறக்கமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவர் பலகையைப் பார்த்தபடியே, அண்ணாச்சி எழுதிவந்த அந்தத் தமிழ் வரியை இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் புரிந்தது ‘பிரீத்’, அதாவது மூச்சு, என்கிற ஒரு சொல்தான். அந்த வாரமெல்லாம் மேல் பாதியில் வந்துகொண்டிருந்த சொல்.

துரை நேரே எங்கள் அறைக்கு நடந்தார். அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. வேலாயுதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் குழாய் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மூன்று பேரும் கடலில் பத்திரமாக இறங்கினார்கள். துரை ஓடிவந்து யார் எவர் என்று பார்க்காமல் கட்டிப்பிடித்தார். என்னையும்தான், அவர் சட்டை நான் இஸ்திரி போட்டது. எல்லாருக்கும் டின் அன்னாசியும் கஸ்டர்டும் கிடைத்தது. ஃபோர்மன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். அண்ணாச்சி தன் கிண்ணத்தைத் தொடாமல் பலகைக்குப் போய், ‘வேலாயுதம் இன்று நாலு வார்த்தை பேசினான்’ என்று எழுதினார். அன்றைக்கு அதை யாரும் துடைக்கவில்லை.

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு நல்ல மனசு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வேலாயுதத்தைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வெயில் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று ஃபோர்மன் துரையிடம் சொன்னதுதான் நின்றது. டேங்க் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று எங்களை வரிசையில் நிற்கவைத்துச் சொன்னார்கள். துரையும் அதற்குமேல் கேட்கவில்லை. அவருடைய மூன்று பேர் வீடு போய்ச் சேர்ந்தாயிற்று. நாலாவது ஆளை ஜீப்பில் ஏற்றியதோடு அவருக்கும் மனது ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஆறவில்லை.

லீவு கிடைத்ததும் நான் நேரே திருச்செந்தூர் போனேன். வேலாயுதத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். வந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நாழிக்கிணற்றுப் பக்கமிருந்து பத்தடி நடப்பார், நிற்பார், மூச்சு வாங்குவார், நடப்பார். தோளில் பெண் குழந்தை. இறக்கி விடு என்று மனைவி சொல்லியும் இறக்கவில்லை. நாவிதர் என் சுருள் முடியை ஒரே இழுப்பில் மழித்துக் கீழே போட்டார். சந்தனத்தை அள்ளித் தலையில் பூசியபோது, லாண்டரி நாற்றம் முதல் தடவையாக என் கையைவிட்டுப் போயிருந்தது தெரிந்தது.

“சந்தனம் போட்டு எடுத்துட்டீயளே தம்பி” என்று வேலாயுதம் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும் அவர் கேட்டது இது:

“அந்த மூணு பேரும் இப்போ எப்படி இருக்காவ? நல்லா மூச்சு விடுதாவளா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, கட்டிலில் கிடந்து அவர் யாருக்காக உதட்டை அசைத்தார் என்று.

“நல்லா இருக்காங்க அண்ணே.”

“இருக்கட்டும். அது பெரிய கொடுமை தம்பி, மூச்சு முட்டுறது. எதிரிக்கும் வேண்டாம்.”

இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை. அந்த நெஞ்சுக் கோளாறோடேயே போய்ச் சேர்ந்தார். எந்த ரேடியோவிலும் சொல்லவில்லை.

பால்கனியில் வெயில் இறங்கியபோது மருமகன் டீயோடு வந்தார். கோபமா மாமா என்றார். நான் இதையெல்லாம் சொன்னேன். மகளும் வந்து நின்று கேட்டாள். கேட்டு முடித்ததும் மருமகன், நல்ல எண்ணத்தோடுதான், “அந்த வேலாயுதம் போட்டோ எதுவும் இருக்கா மாமா?” என்றார்.

இல்லை. எங்கிருந்து இருக்கும்? அந்த மூன்று பேருக்கு போட்டோ இருக்கிறது, குரல் இருக்கிறது, போன வண்டி இருக்கிறது, கொண்டுவந்த கல் இருக்கிறது. அவ்வளவையும் வைத்துக்கொண்டே, மாப்பிள்ளை, நடக்கவே இல்லை என்கிறீர்கள். கொடி ஏன் ஆடியது, நிழல் ஏன் சாய்ந்தது என்று எட்டாங்கிளாஸ்காரன் நான் எப்படி வாதாடுவேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். ‘நடக்கவே இல்லை’ என்று ஒருவன் குங்குமம் கலையாமல் சொன்னதையும், கைக்குட்டையால் துடைத்ததையும் கண்ணால் பார்த்தவன் நான். இன்றைக்கு நீங்கள் அதைப் பொழுதுபோகாமல் சொல்கிறீர்கள். அன்றைக்கு அவன் தெரிந்தே சொன்னான். வார்த்தை ஒன்றுதான் மாப்பிள்ளை, அது ஆளை விழுங்குகிற வார்த்தை.

கேம்ப் இல்லை. அந்த டேங்கை எப்போதோ வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சுப்பையா அண்ணாச்சி போய்விட்டார், மாத்யூ சாரும் போய்விட்டார். என் தலையில் நேர்ந்துகொள்ள ஒரு முடி இல்லை. பலகை எந்த அடுப்பில் எரிந்ததோ. நிலவில் அவர்கள் பூட்ஸ் காலோடு நடந்த தடம் இன்னும் கலையாமல் இருக்கிறதாம். அங்கே காற்றே இல்லை, அதனால் அழியாது என்கிறார்கள். இங்கே வேலாயுதத்துக்குக் காற்று இல்லாமல் போனதற்கு ஒரு தடமும் இல்லை.

கீழே தார் போடுகிறவர்கள் இன்னும் வேலையை முடிக்கவில்லை. ஒருவன் மட்டும் நிழலில் உட்கார்ந்து, முகத்துணியை அவிழ்த்து, இருமிக்கொண்டிருந்தான்.